முதல் மூன்று நாள் பால் கணக்கு

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் இரவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கழிகிறது. முதல் நாள் முழுக்கத் தூங்கிக் கிடந்த குழந்தை அன்றைக்கு ஓயாமல் அழும். மார்பில் போட்டால் நாலு வாய் சப்பும், விட்டுவிடும், மறுபடி வீறிடும். "பால் ஊறலைடி, புள்ள பசியில துடிக்குது" என்பார் பாட்டி. சற்று நேரத்தில் குழந்தையின் அப்பா மருந்துக்கடையில் பால்பவுடர் டப்பா கேட்டு நிற்பார். "எனக்குப் பாலே பத்தலை" என்று பிற்பாடு பல தாய்மார்கள் சொல்லும் கதை இந்த இரவில்தான் ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் ஏறக்குறைய 55 சதவீதம். நாட்டின் சராசரி 64. மருத்துவ வசதியில் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, முதல் மூன்று நாளில் தாயின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லாததுதான் என்பது என் எண்ணம்.

கருவுற்ற பாதிக் காலத்திலேயே மார்பு சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் முழு உற்பத்திக்கு அணை போட்டு வைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டினுக்கு வழி விடுகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். மார்பு கனத்து, பால் நிறைந்ததாகத் தாய் உணர்வது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

அதுவரை குழந்தைக்குக் கிடைப்பது சொட்டுச் சொட்டான மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30. முதல் நாள் ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி இறங்கினாலே கணக்கில் சேர்த்தி. பாட்டியின் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்குப் போதும். அந்தச் சொட்டுகளில் நோய் எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளை அணுக்களும் வைட்டமின் ஏ-யும் செறிந்திருக்கின்றன. குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகளும் தாய்ப்பாலில் நிறைய உண்டு. செரிக்காத பொருள் எதற்கு? குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவு அது.

இரண்டாம் நாள் இரவின் அழுகைக்கு வருவோம். குழந்தை அடிக்கடி சப்புவது உற்பத்தியைக் கூட்டச் சொல்லும் உத்தரவு. ஒவ்வொரு முறை சப்பும்போதும் தாயின் ரத்தத்தில் புரோலாக்டின் ஏறுகிறது, அதுவும் இரவில் கூடுதலாக. மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பு வேகமெடுக்கிறது. பால் எடுக்கப்படாமல் தேங்கினால் சுரப்பைக் குறைக்கும் ஏற்பாடும் மார்புக்குள்ளேயே இருக்கிறது. ஆக, அந்த இரவில் புட்டியில் 30 மில்லி பவுடர் பால் கொடுத்தால், குழந்தை நாலு மணி நேரம் தூங்கிப்போகும். மார்புக்கு 'தேவை இல்லை' என்ற செய்தி போகும். நாலைந்து வேளை இப்படி நடந்தால் பால் உண்மையிலேயே குறையத் தொடங்கும். பயம் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும்.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. மார்பின் அளவை வைத்தும் முடியாது. துணியைப் பாருங்கள். முதல் நாள் ஒருமுறை சிறுநீர், இரண்டாம் நாள் இருமுறை என்று கூடி, ஆறாம் நாளிலிருந்து தினம் ஆறுமுறையாவது போக வேண்டும். கருப்பாகத் தார் போலப் போன மலம் பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக வேண்டும். பிறந்த எடையில் ஏழு சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிடும்.

இவ்வளவும் சரியாக நடக்க வேண்டுமானால், குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் ஆலோசகர்கள் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். நம் வீடுகளில் செய்யும் தவறு, குழந்தையின் வாயில் காம்பைத் திணிப்பது. காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, காம்பு புண்ணாகும், தாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தையின் வாய்க்குள் போக வேண்டியது காம்பும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும்.

குழந்தையைத் தாயின் வயிற்றோடு வயிறு ஒட்டும்படி அணையுங்கள். கழுத்து திரும்பியிருக்கக் கூடாது; காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக வரும்படி வைத்து, காம்பால் மேலுதட்டை மெதுவாக வருடினால், கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோனால் முதுகுவலிதான் மிச்சம். தாடை மார்பைத் தொட்டு, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, கன்னம் உப்பியிருந்தால் பிடிப்பு சரி. கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரியும். வேக வேகமாகச் சப்பிய குழந்தை பிறகு நிதானமாக இழுக்கத் தொடங்கும். விழுங்கும் சத்தம் கேட்கும். தொடக்கச் சில நொடிகள் தாண்டியும் வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி போடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும்.

சிசேரியன் ஆனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தையல் வலியில் உட்கார முடியாதுதான்; ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பால் கொடுக்கலாம், பக்கத்தில் ஆள் இருந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இவர்களுக்கும் பொருந்தும். தோலோடு தோல் ஒட்டிப் போட்டால் பிறந்த குழந்தை தானே ஊர்ந்து மார்பைத் தேடிப் பிடிப்பதை 1987இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நாம் அதைத் துடைத்து, துணி சுற்றி, உறவினர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சேனை வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல குணமுள்ளவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்பது ஆசை, அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். கழுதைப்பாலும் வேண்டாம். கத்திரி வெயிலானாலும் ஆறு மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுப்பது நல்ல சாப்பாடு என்ற அளவில் சரி. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் அவளுக்குத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதுதான் தவறு. அதேசமயம் நம் பாட்டிகள் சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. பால் கட்டுவதையும் சுரப்பையும் தணிப்பதில் மல்லிகை அதற்குச் சமமாக நின்றது.

சில குழந்தைகளுக்குக் கூடுதல் பால் உண்மையிலேயே தேவைப்படும்: குறைமாதம், மிகக் குறைந்த எடை, ரத்தத்தில் சர்க்கரை இறங்குதல். அப்போதும் முதலில் கையால் பீய்ச்சிய தாயின் பால், அது இல்லையென்றால் தாய்ப்பால் வங்கியின் பால், அதன் பிறகே டப்பா. புட்டிக்குப் பதில் கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையோ சங்கோ போதும். பீய்ச்சிய பால் நம் ஊர் வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். டப்பா பால் கொடுக்க நேர்ந்தால் அது தாயின் தோல்வி என்று யாரும் பேச வேண்டாம். அளவும் சுத்தமும் சரியாக இருப்பதைப் பாருங்கள்.

குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மஞ்சள் நிறம் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் பரவினால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அப்படியே. அப்போதும் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.