வயதானவர் குடலில் தங்கும் புரதம்

உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட்டால் கருநீல நிறம் தோன்றும். மாவுச்சத்து இருப்பதற்கு அது அடையாளம். இரண்டாம் படிவ மாணவர்களும் அறிந்த இந்தச் சோதனை, ஒரு பெரிய மருத்துவரையே ஏமாற்றியிருக்கிறது.

1854இல் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ, மனிதத் திசுக்களில் இருந்த படிவுகளில் அயோடினை இட்டார். நிறம் மாறியது. மாவுச்சத்து போன்ற பொருள் என்று கருதி அதை ‘அமிலாய்டு’ என்றார். 1859இல் ஃபிரீட்ரிக், கெக்குலே இருவரும் அது புரதம் சார்ந்தது எனக் காட்டினர். ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தவறாக மடிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நுண்ணிழைகளாகித் திசுக்களில் தங்கிவிடும். கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் ஓர் எடுத்துக்காட்டு. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ சத்தையும் இரத்தத்தில் சுமந்து செல்லும் இப்புரதம் நான்கு கூறுகளால் ஆனது. முதுமையில் சிலருக்கு அக்கூறுகள் பிரிந்து, உருக்குலைந்து, இதயத்திலும் குடலின் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் படிகின்றன.

குடலில் சிறிதளவு படிந்தால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. அதிகமானால் குடலின் தசையும் நரம்பும் பாதிக்கப்படும். மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வரலாம், இரத்தம் கசியலாம், உடல் எடை குறையலாம். “வயசானா அப்படித்தான்” என்று நாம் ஒதுக்கிவிடுவதும் இவற்றைத்தான்.

உள்நோக்குக் கருவியில் பார்க்கும்போது குடல் இயல்பாகவே தெரியக்கூடும். அதனால் சிறு திசுவை எடுத்து, பருத்தித் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட ‘காங்கோ சிவப்பு’ சாயத்தில் தோய்த்துப் பார்க்கிறார்கள். அமிலாய்டு இருந்தால், முனைவாக்கப்பட்ட ஒளியில் அது ஆப்பிள் பச்சை நிறத்தில் மின்னும். படிவு இரத்தக்குழாய்களில் மட்டும் இருந்தால், மேலோட்டமாக எடுத்த திசுவில் அது அகப்படாமலும் போகலாம்.

படிந்திருப்பது எந்தப் புரதம் என்பதையும் கண்டறிய வேண்டும். எலும்பு மஜ்ஜை உயிரணுக்களிலிருந்து வரும் வகைக்கு அந்த உயிரணுக்களை அழிக்கும் சிகிச்சை விரைவாகத் தேவை. டிரான்ஸ்தைரெட்டின் இதயத்தைப் பாதித்திருந்தால், அதன் நான்கு கூறுகளும் பிரியாமல் பிடித்துவைக்கும் டஃபாமிடிஸ் போன்ற மருந்துகள் உள்ளன. வகையை மாற்றிக் கணித்தால் சிகிச்சையும் மாறிவிடும்.

வயிற்றுக் கோளாறுகளுக்கு வேறு காரணங்களே அதிகம். எனவே அஞ்ச வேண்டாம். ஆனால் தாத்தா பாட்டிக்கு நீங்காத வயிற்றுத் தொல்லையுடன் எடை குறைவு, மூச்சு வாங்குதல், கால் வீக்கம், கை மரத்துப்போதல் ஆகியவையும் இருந்தால், அனைத்தையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனியே சொன்னால் அவை முதுமையின் தொல்லைகளாகவே தோன்றும். சேர்த்துச் சொன்னால் நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.