பதிலி வழங்கிகளின் படிநிலை: ஸ்குவிட் மென்பொருளில் தாய்ப் பதிலி வழியே கோரிக்கைகளைச் செலுத்தும் முறை

ஆய்வுச் சுருக்கம்

இடைச்சேமிப்புப் பதிலி வழங்கி ஒன்றிற்குத் தாய்ப் பதிலியை அறிவிப்பதும், எல்லாக் கோரிக்கைகளையும் அதன் வழியே செலுத்துவதும் வெவ்வேறு செயல்கள். இவ்வேறுபாட்டை ஸ்குவிட் மென்பொருளின் அமைவுக் கட்டளைகள் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கட்டளைகள் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. அமைவுக் கோப்பில் அவை ரோமன் எழுத்தில் அமையும்.

திறவுச்சொற்கள்: பதிலி வழங்கி, இடைச்சேமிப்பு, தாய்ப் பதிலி, ஸ்குவிட், தீயரண்

முன்னுரை

பயனரின் கோரிக்கையை அவர் சார்பில் ஏற்று, மூல வழங்கியிடமிருந்து பக்கத்தைப் பெற்றுத் தருவது புரொக்சி எனப்படும் பதிலி வழங்கி. பெற்ற பக்கத்தின் படியைத் தன்னிடம் வைத்திருந்து அடுத்துக் கேட்பவருக்கு வழங்குமாயின் அது இடைச்சேமிப்புப் பதிலி ஆகும். இவ்வகையில் பெரிதும் பயன்படும் கட்டற்ற மென்பொருளான ஸ்குவிட், 1990களின் ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்தில் உருவான நிரலிலிருந்து கிளைத்தது. பதிலிகள் ஒன்றையொன்று வினவுவதற்கான ஐ.சி.பி. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு, 1997ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 2186, 2187 ஆகிய ஆவணங்களாக வெளியிடப்பட்டது.

உறவும் அறிவிப்பும்

பதிலிகளிடையே இருவகை உறவுகள் உண்டு. உடன்பிறப்புப் பதிலி தன்னிடம் ஏற்கெனவே உள்ள படியை மட்டுமே தரும். தாய்ப் பதிலியோ தன்னிடம் இல்லாததையும் மூல வழங்கியிடம் பெற்றுத் தரும். இவ்வுறவை அறிவிப்பது ‘கேச்_பியர்’ கட்டளை. தாயின் பெயர், உறவு வகை, கோரிக்கைகளுக்கான போர்ட் எண், ஐ.சி.பி. போர்ட் எண், விருப்பத் தேர்வுகள் என்பன அதில் இவ்வரிசையில் இடம்பெறும். ஸ்குவிட்டின் வழக்கமான போர்ட் 3128; ஐ.சி.பி.க்கு 3130. தாய் ஐ.சி.பி. வினாக்களுக்கு விடையளிக்காததாயின் ஐ.சி.பி. போர்ட்டை 0 எனக் குறித்து ‘நோ-கொயரி’ என்னும் தேர்வையும் சேர்த்தல் வேண்டும். தாய்கள் பலவாயின் ‘ரவுண்ட்-ராபின்’ தேர்வு கோரிக்கைகளை அவற்றிடையே சுழற்சி முறையில் பகிரும். எந்தக் கோரிக்கை எந்தத் தாய்க்குச் செல்லலாம் என்பதை ‘கேச்_பியர்_ஆக்சஸ்’ வரையறுக்கும்.

அறிவிப்பு போதாமை

மையப் பதிலி மட்டுமே வெளியுலகைத் தொடலாம் எனத் தீயரண் வரையறுத்துள்ள பல்கலைக்கழக வளாகம் ஒன்றைக் கொள்வோம். துறையொன்றின் பதிலிக்கு மையப் பதிலி தாயாக அறிவிக்கப்படுகிறது. சாதாரணப் பக்கங்கள் திறக்கின்றன. பாதுகாப்பு இணைப்பு கோரும் மின்னிதழ்த் தளங்களோ நெடுநேரம் காத்திருந்து பிழையில் முடிகின்றன. பழி தாய்ப் பதிலியின்மீது விழுகிறது. காரணம் அங்கில்லை.

இடைச்சேமிப்புக்கு உரியனவல்லாத கோரிக்கைகளைத் தாயிடம் அனுப்புவதால் சேமிப்புப் பயன் இல்லை என்பதால், ஸ்குவிட் அவற்றை இயல்பாகவே மூல வழங்கிக்கு நேரடியாக அனுப்ப முயலும். ‘நான்ஹைரார்கிக்கல்_டைரக்ட்’ என்னும் கட்டளையின் இயல்பு மதிப்பு ‘ஆன்’ என்பதே இதன் பொருள். மறைகுறியாக்க இணைப்புக்கான ‘கனெக்ட்’ கோரிக்கைகள் இவ்வகையின. இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி இத்தகையதாதலின், அறிவிப்போடு நின்றுவிட்ட அமைவு பெரும்பகுதியில் தோல்வியுறும்.

இதனைத் தீர்ப்பது ‘நெவர்_டைரக்ட் அலவ் ஆல்’ என்னும் ஒரு வரி. எக்கோரிக்கையும் நேரடியாகச் செல்லலாகாது என்பது இதன் ஆணை. எனினும் வளாகத்தினுள் இருக்கும் நூலக வழங்கி போன்றவற்றிற்குத் தாய் தேவையில்லை. அவற்றின் களப்பெயர்களை அணுக்கப் பட்டியல் ஒன்றில் தொகுத்து ‘ஆல்வேஸ்_டைரக்ட் அலவ்’ கட்டளையில் குறித்தல் வேண்டும். இக்கட்டளையே முதலில் சோதிக்கப்படுவதால் இரண்டும் முரண்படா. ‘நெவர்_டைரக்ட்’ ஆணைக்கு ஒரு விலையும் உண்டு: தாய் செயலிழந்தால் மாற்றுவழியின்றிப் பயனர் பிழைப்பக்கத்தையே காண்பார். எனவே தாய்கள் இரண்டிருத்தல் நன்று.

சரிபார்ப்பு

மாற்றிய கோப்பை ‘ஸ்குவிட் -கே பார்ஸ்’ ஆணையால் சோதித்து, ‘ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்’ ஆணையால் நடைமுறைப்படுத்தலாம். பின்னர் அணுக்கப் பதிவேட்டில் படிநிலைக் குறியைக் காணவேண்டும். ‘ஹையர்_டைரக்ட்’ என்றிருப்பின் கோரிக்கை நேரடியாகச் சென்றுள்ளது. தாய் வழியே சென்றதாயின் ‘பேரன்ட்’ என்னும் சொல் அடங்கிய குறியும் தாயின் முகவரியும் தோன்றும். ‘கனெக்ட்’ வரிகளைத் தனியே நோக்குதல் இன்றியமையாதது. இரு பதிலிகள் ஒன்றையொன்று தாயாகக் கொண்டால் கோரிக்கை சுழலும். ‘வியா’ தலைப்பில் தன் பெயரைக் கண்டு ஸ்குவிட் இதனை உணரும். ஆதலின் ஒவ்வொரு பதிலிக்கும் தனிப்பெயர் அமைதல் வேண்டும்.

முடிவுரை

படிநிலை அமைப்பு அலைவரிசையைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் தோன்றியது. மறைகுறியாக்கம் பெருகியபின் சேமிப்புப் பயன் குறைந்து, வழிப்படுத்தலும் கட்டுப்பாடுமே அதன் முதன்மைப் பணிகளாகியுள்ளன. ஸ்குவிட்டின் இயல்பு மதிப்புகளோ சேமிப்பை முதன்மையாகக் கொண்டவை. ஆகவே தாய்ப் பதிலியை அமைப்போர், கோரிக்கை எங்குச் செல்லலாம் என்பதோடு எங்குச் செல்லலாகாது என்பதையும் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும்.