தொலைக்காட்சியில் விளையாட்டு: காணும் வழிகளும் கட்டணமும்

விளையாட்டு ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று, காண்போர்க்கும் உரியது. ஏறுதழுவும் களமாயினும் சடுகுடு ஆடும் திடலாயினும், சுற்றி நிற்கும் கூட்டம் இல்லையேல் ஆட்டம் சிறப்பதில்லை. அக்கூட்டத்தை ஊரெல்லை கடந்து, நாட்டெல்லையும் கடந்து விரித்த பெருமை தொலைக்காட்சிக்கு உரியது. 1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இலண்டன் லார்ட்ஸ் திடலில் கபில்தேவ் உலகக் கோப்பையை ஏந்தியதை நம் மக்கள் தூர்தர்ஷனில் நேரடியாகக் கண்டனர். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18ஆம் நாள், ஜிம்பாப்வே அணிக்கு எதிராக அவரே ஆட்டமிழக்காமல் குவித்த 175 ஓட்டங்களுக்கோ ஒளிப்பதிவு ஏதும் இல்லை. அவ்வாட்டத்தைப் படித்தும் பிறர் சொல்லக் கேட்டுமே நாம் அறிகிறோம். ஒளிபரப்பு எத்துணைப் பெரிய பேறு என்பதை உணர்த்த இவ்விரு நாள்களே போதும்.

அன்றைய குறை பஞ்சம். இன்றைய குறையோ மிகுதி. எண்ணற்ற அலைவரிசைகள், செயலிகள், கட்டணத் தொகுப்புகள் ஆகியவற்றுக்கிடையே "இன்றைய ஆட்டம் எதில் வருகிறது?" என்னும் வினா இல்லந்தோறும் எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஒற்றை அலைவரிசைக் காலம்

1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் நம் நாட்டின் தொலைக்காட்சி தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975இல் தோன்றியது. 1982இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டி வண்ண ஒளிபரப்பு நாடெங்கும் பரவக் காரணமாயிற்று. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள ஓர் இல்லத்தில் தெருவே கூடியிருந்து கண்ட காலம் அது. காண்பதற்குத் தேர்வும் இல்லை, கட்டணமும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. மொட்டை மாடிகளில் பெரிய குடை போன்ற அலைவாங்கிகள் முளைத்தன. கம்பிவடம் வீடுவீடாக நீண்டது. விளையாட்டு ஒளிபரப்பு விற்பனைப் பொருளாயிற்று.

வான் அலைகள் யாருடையவை?

1993இல் நடைபெற்ற ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அளித்தது. அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே வழக்கு மூண்டது. 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் தனியுடைமையும் அல்ல, தனியார் முற்றுரிமையும் அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். கம்பிவடத் தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதே 1995இல் இயற்றப்பட்டது.

எனினும், அலை பொதுவுடைமையாயினும் அதில் ஏறிவரும் ஆட்டம் விலைக்குரியதாகவே இருந்தது. 2004இல் பாகிஸ்தானுக்கு இந்திய அணி சென்றபோது, உரிமை பெற்ற தனியார் அலைவரிசை தன் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிருமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தகைய பூசல்களின் விளைவாக 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்பது அதன் கட்டளை. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளர்க்கு 75 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு உண்டு. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகளும், இந்திய ஆடவர் அணியின் ஒருநாள் மற்றும் இருபது ஓவர் ஆட்டங்களும் இப்பட்டியலில் இடம்பெற்றவை. ஐ.பி.எல். போட்டி இப்பட்டியலில் இல்லை. எளியோரும் காண வேண்டும் என்னும் நோக்கமே இச்சட்டத்தின் உயிர்.

உரிமை யாரிடம் உள்ளது?

வழி தேடுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே. ஓர் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை ஆடும் அணிக்கு உரியதன்று. ஆட்டத்தை நடத்தும் அமைப்புக்கு உரியது. இந்திய அணி சொந்த மண்ணில் ஆடினால் இந்தியக் கிரிக்கெட் வாரியமும், ஆஸ்திரேலியாவில் ஆடினால் அந்நாட்டு வாரியமும், உலகக் கோப்பையில் ஆடினால் பன்னாட்டுக் கிரிக்கெட் அவையும் உரிமையை விற்கின்றன. விற்பவர் மாறுவதால் வாங்குபவரும் மாறுகிறார்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் இந்திய அணி இலங்கை சென்றபோது ஆட்டங்கள் சோனி அலைவரிசைகளில் வந்தன. செப்டம்பரில் வங்கதேச அணி இங்கு வந்தபோது ஸ்போர்ட்ஸ்18 அலைவரிசையிலும் ஜியோசினிமா செயலியிலும் வந்தன. நவம்பரில் ஆஸ்திரேலியப் பயணம் தொடங்கியபோது ஸ்டார் ஸ்போர்ட்ஸிலும் ஹாட்ஸ்டாரிலும் வந்தன. அணி ஒன்றே; ஐந்து மாதங்களில் நிறுவனங்கள் மூன்று. 2025இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது நிலைமை மேலும் பிரிந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு சோனியிடமும், இணைய ஒளிபரப்பு ஜியோஹாட்ஸ்டாரிடமும் இருந்தன. தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் இரு வேறு பொருள்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வுரிமைகளின் விலை நம்மை மலைக்க வைக்கும். 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டு ஐ.பி.எல். உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. போட்டிகள் 410 எனக் கணக்கிட்டால், ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி ரூபாய் ஆகின்றது. இந்திய இணைய உரிமை, தொலைக்காட்சி உரிமையைவிடச் சற்றே கூடுதல் விலை பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. இத்தொகை விளம்பரமாகவும் கட்டணமாகவும் இறுதியில் காண்போரிடமிருந்தே திரட்டப்படுகின்றது.

நான்கு வழிகள்

இன்று ஓர் இல்லத்துக்குள் ஆட்டம் வந்து சேரும் வழிகள் நான்கு.

முதலாவது, பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. சிறு அலைவாங்கியும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். டிடி ஸ்போர்ட்ஸ் உள்ளிட்ட அரசு அலைவரிசைகள் இதில் கிடைக்கும்.

இரண்டாவது, கம்பிவடம் எனப்படும் கேபிள். பழுது நேர்ந்தால் தெருவறிந்த இயக்குநரே வந்து சரிசெய்வார் என்பது இதன் சிறப்பு. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்கு செட் டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டதை நம்மில் மூத்தோர் நினைவுகூர்வர்.

மூன்றாவது, தனியார் நிறுவனங்களின் டி.டி.எச். சேவை. கம்பி எட்டாத சிற்றூர்க்கும் இது எட்டும். ஆயினும் கனமழை பெய்யும்போது படம் உறைந்துபோவதைக் காண்கிறோம். வீட்டுக் கூரையில் உள்ள சிறு அலைவாங்கி ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுடைய நுண் அலைகளைப் பெறுகின்றது. மழைத்துளிகள் அவ்வலைகளை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. கேபிள் நிலையங்களின் பெரிய அலைவாங்கிகளோ அதனினும் நீண்ட அலைகளைப் பெறுவதால் அவற்றுக்கு மழையின் இடர் குறைவு.

நான்காவது, இணையவழி. கைப்பேசியிலும் இணைய வசதியுள்ள தொலைக்காட்சியிலும் செயலி வாயிலாகக் காண்பது. 2023 நவம்பர் 19ஆம் நாள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஒரே வேளையில் ஹாட்ஸ்டாரில் கண்டோர் தொகை 5.9 கோடியை எட்டிற்று. அன்று கைப்பேசியில் அது இலவசம்.

தூர்தர்ஷனில் வரும் ஆட்டம் கேபிளில் வராதது ஏன்?

பலரையும் குழப்பும் வினா இது. தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கேபிள் இயக்குநர்கள் கட்டாயம் வழங்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். எனவே, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தூர்தர்ஷனுக்குப் பகிரப்பட்ட ஆட்டம், கேபிள் இல்லங்களுக்கும் கட்டணமின்றிச் சென்றது. பெரும்பொருள் கொடுத்து உரிமை வாங்கியோர் இதனை எதிர்த்தனர். 2017 ஆகஸ்ட் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெளிவு தந்தது. பகிரப்பட்ட ஒளிபரப்பைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டி.டி.எச். சேவையிலும் மட்டுமே வழங்கலாம்; தனியார் கேபிள் வழியே அது செல்லுதல் கூடாது. இலவச ஆட்டம் வேண்டுவோர் ஃப்ரீ டிஷ் அலைவாங்கியையே நாட வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இவ்வுண்மையை அறியாமல் கேபிள் இயக்குநரை நொந்துகொள்வோர் பலர்.

கட்டணக் கணக்கு

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. வேண்டும் அலைவரிசையைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை அதனால் நமக்குக் கிடைத்தது. அன்று நூறு அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாய். 19 ரூபாய் விலையுள்ள விளையாட்டு அலைவரிசை ஒன்றை மட்டும் சேர்த்தால் 149 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் ஏறத்தாழ 176 ரூபாய். 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கப்படும் அலைவரிசையைத் தொகுப்பில் சேர்த்தல் ஆகாது என்பதும் விதி. இவ்வரம்பு இடையில் 12 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆயிற்று. 2024 ஜூலையில் இணைப்புக் கட்டண உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஆதலின் இன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டணப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. தனித்தேர்வு உரிமை இருந்தும், இயக்குநர் தரும் தொகுப்பை அப்படியே ஏற்போரே மிகுதி. கேட்டுப் பெறாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

தமிழ் வருணனை வேண்டுவோர்க்கு 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்தது. ஆங்கில அலைவரிசை ஒன்றுடன் இதையும் சேர்த்து இருமடங்கு செலுத்த வேண்டுமா என்பதையும் இல்லத்தார் எண்ணிப் பார்த்தல் நன்று.

இணையவழி: தரவும் தாமதமும்

இணையவழியில் செயலிக் கட்டணம் ஒன்று. தரவுச் செலவு மற்றொன்று. தெளிவான படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேண்டும் எனக் கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் ஆதலின், ஒரு மணி நேரத்துக்கு 2,250 மெகாபைட், அதாவது இரண்டேகால் ஜி.பி. செலவாகும். மூன்றரை மணி நேர இருபது ஓவர் ஆட்டம் ஏறத்தாழ 8 ஜி.பி. விழுங்கும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் திட்டம் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். படத்தின் தரத்தை வினாடிக்கு 1 மெகாபிட் அளவுக்குக் குறைத்தால், அதே 2 ஜி.பி. நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். விடுதி மாணவர்க்கு இக்கணக்கு பெரிதும் உதவும்.

மற்றொன்று தாமதம். இணையத்தில் படம் சிறுசிறு துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகின்றது. சில துண்டுகள் சேர்ந்த பின்னரே செயலி காட்டத் தொடங்கும். அதனால்தான் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஆரவாரம் எழுந்த பின்னர் நம் கைப்பேசியில் விக்கெட் விழுகின்றது. உடனுக்குடன் காண விழைவோர்க்குக் கேபிளும் டி.டி.எச்.சும் இன்றும் மேலானவை.

தேர்ந்தெடுக்கும் முறை

ஓராண்டில் நாம் உண்மையில் காணும் போட்டிகளை முதலில் ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை இரண்டையும் குறித்தல் வேண்டும். அவற்றுள் ஃப்ரீ டிஷ்ஷில் கிடைப்பனவற்றை நீக்கிவிட்டால், பணம் செலுத்த வேண்டியவை மட்டும் எஞ்சும். இரண்டு மாதத் தொடருக்கு ஓராண்டுச் சந்தா தேவையா எனக் கணக்கிட வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை, தொடர் முடிந்தவுடன் நிறுத்துதல் வேண்டும். ஒரு செயலியில் ஒரே வேளையில் எத்தனை திரைகளில் காணலாம் என்பதைப் பணம் கட்டுமுன்னரே அறிதல் வேண்டும்.

முறையாக இலவசமாகவே கிடைக்கும் விளையாட்டுகளும் உண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடையும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக வாகையர் ஆனதையும் யூடியூபில் எவரும் கட்டணமின்றிக் காண முடிந்தது.

ஆனால், முறையற்ற இலவச இணைப்புகள் வேறு. அவை உரிமைத் திருட்டு என்பதோடு அமையாமல், சூதாட்ட விளம்பரங்களுக்கும் கைப்பேசியைக் கெடுக்கும் மென்பொருள்களுக்கும் வாயிலாகின்றன. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆட்டம் காணச் சென்று பொருளிழந்து நிற்பது இளைஞர்க்கு அழகன்று.

நிறைவாக

வழிகள் பெருகியதால் விளையாட்டு நமக்கு அண்மையில் வந்துள்ளது என்பது உண்மை. எனினும், சந்தா செலுத்த இயலாத இல்லத்துச் சிறுவன் தன் நாட்டு அணி ஆடுவதைக் காண முடியாமற்போவானாயின், அப்பெருக்கம் யாருக்குப் பயன்? வான் அலைகள் பொதுச்சொத்து என்ற தீர்ப்பும், பகிர்வுச் சட்டமும் அச்சிறுவனுக்காகவே உள்ளன. இணையவழி ஒளிபரப்பு மேலோங்கும் இக்காலத்தில் அப்பகிர்வு தொலைக்காட்சியோடு நின்றுவிடலாமா என்பதைச் சட்டம் வல்லோரும் ஆட்சியாளரும் ஆராய வேண்டும். நாமோ நம்மால் இயன்றதைச் செய்யலாம். அறிந்து தேர்ந்து, அளவறிந்து செலவிட்டு, பெற்ற இணைப்பை அயலாரோடு கூடியிருந்து காண்போமாக. தெருவே ஓர் அறையில் திரண்டிருந்த அந்நாள்களில் ஆட்டத்தைச் சிறப்பித்தது அக்கூட்டமே. அதனை மீட்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.