சொல்லாமல் போன அண்ணன்

பெங்களூரில் பிறந்த குரு தத்தின் மௌனம் தங்கை லலிதாவை ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. அந்த மௌனத்தைக் கலைக்கும் முயற்சிகளில் ஒன்று இன்று அதே ஊரில் நடக்கிறது.

தொலைபேசி மணி அடிக்கும். மறுமுனையில் அண்ணன். கொஞ்சம் பேச வேண்டும், வா என்பார். தங்கை போட்டதைப் போட்டபடி கிளம்பிப் போவார். போய் உட்கார்ந்தால் அண்ணன் வாயே திறக்க மாட்டார். வந்த வழியே திரும்புவார் தங்கை.

அண்ணன், குரு தத். இந்தி சினிமாவின் மேதை என்று இன்று கொண்டாடப்படுபவர். தங்கை, ஓவியர் லலிதா லாஜ்மி. அந்தச் சந்திப்புகளைப் பற்றி லலிதா பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார். யாசர் உஸ்மான் எழுதி 2021இல் வெளியான குரு தத் வாழ்க்கை வரலாற்றுக்கும் அவருடைய நினைவுகளே முக்கிய ஆதாரம்.

குரு தத் பிறந்தது 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில். கொங்கணி பேசும் படுகோன் குடும்பம். பிழைப்பு தேடிக் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. ஐந்து பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர். ஏழு வருடம் கழித்துப் பிறந்த லலிதா ஒரே பெண். வீட்டில் காசு இல்லை, கலைக்குப் பஞ்சமில்லை. பாட்டி மாலையில் விளக்கேற்றினால், அந்த வெளிச்சத்தில் விரல்களை அசைத்துச் சுவரில் நிழல் உருவங்கள் காட்டுவார் அண்ணன். நடனம் கற்க லலிதாவுக்கு ஆசை. வசதி இடம் தரவில்லை. விளம்பர ஓவியரான உறவினர் பி.பி. பெனகல் ஒரு வண்ணப் பெட்டி வாங்கித் தந்தார். தங்கையின் பாதை அப்படித் தொடங்கியது.

அண்ணன் அல்மோராவில் உதய் சங்கரிடம் நடனம் கற்று, புனேயின் பிரபாத் ஸ்டுடியோ வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். 1951இல் 'பாஸி'. 1957இல் 'பியாசா'. புகழும் பணமும் வந்தன. 1959இல் 'காகஸ் கே பூல்' படுதோல்வி. அதன் பிறகு எந்தப் படத்திலும் இயக்குநர் என்று அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பின்னணிப் பாடகி கீதாவுடனான மணவாழ்க்கையும் உடைந்துகொண்டிருந்தது.

இரண்டு முறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். இரண்டாவது முறைக்குப் பிறகு குடும்பத்தினர் மனநல மருத்துவர் ஒருவரை அணுகினார்கள். ஆனால் அதைத் தொடரவில்லை. பிழைத்து வந்தவர் மறுபடி வேலைக்குப் போனார், சிரித்தார். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1964 அக்டோபர் 10 அன்று காலை, பம்பாய் பெடர் ரோடு வீட்டில் அவர் இறந்து கிடந்தார். வயது 39. தற்கொலையா, விபத்தா என்ற விவாதம் குடும்பத்துக்குள்ளேயே இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அது 1964. தற்கொலை முயற்சி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். காப்பாற்றப்பட்டவரை அடுத்து விசாரிக்க வருவது போலீஸாக இருக்கலாம். எனவே வெளியே தெரியாமல் மூடி மறைப்பதே குடும்பங்களின் முதல் வேலை. போதாக்குறைக்கு ஊர்வாய். நம் தமிழ்ப் படங்களில் ஆளைக் கேலி செய்யக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது. இந்த நிலையில் யார் டாக்டரிடம் போவார்கள்?

இத்தனைக்கும், குரு தத் பிறந்த பெங்களூரிலேயே 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டுவிட்டது. அதுவும் அங்கிருந்த பழைய மனநல மருத்துவமனையும் இணைந்து 1974இல் உருவானதுதான் நிம்ஹான்ஸ். நிறுவனம் இருந்தது, வழி தெரியவில்லை.

அண்ணன் போன பிறகு தங்கை என்ன செய்தார்? பம்பாயில் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் உலோகத் தகட்டில் அச்சோவியம் செய்யக் கற்றார். அவருடைய படங்களில் முகமூடிகளும் கோமாளிகளும் மேடைக் கலைஞர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழும் மனிதர்கள். அண்ணனின் படங்கள் தன் ஓவியங்களைப் பாதித்ததை அவர் மறைக்கவில்லை.

இன்னொரு காரியமும் செய்தார். அண்ணன் பாதியில் விட்டதைத் தங்கை தொடர்ந்தார். மனப்பகுப்பாய்வு சிகிச்சைக்குப் போனார். தன் கனவுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். 2023 ஜனவரியில் மும்பை தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. கண்காட்சியின் பெயர் 'மன அலமாரிகள்' என்று பொருள்படும். அது திறந்த அடுத்த மாதமே, பிப்ரவரி 13 அன்று, 90 வயதில் லலிதா காலமானார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அதை ஒருங்கிணைப்பது பெங்களூர் நிம்ஹான்ஸ். தொடங்கப்பட்ட நாள் 2022 அக்டோபர் 10. அது உலக மனநல தினம். குரு தத்தின் நினைவு நாளும் அதுவே. தற்செயல்தான்.

ஆனால் சட்டமும் எண்ணும் பாதி வேலையைத்தான் செய்யும். நம் வீடுகளில் அண்ணன் என்றால் தங்கையைக் காப்பவன். கல்யாணம் பண்ணி வைப்பவன், சீர் சுமந்து வருபவன். அவன் அழுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவனுக்கும் அழத் தெரிவதில்லை. பேச வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதே அவன் சொல்லும் செய்தியாக இருக்கலாம். லலிதா அன்று ஓடிப்போய் அருகில் உட்கார்ந்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. இன்றைய தங்கைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. அண்ணன் பேசாவிட்டால் தங்கை கேட்கலாம். கேட்டும் பேசாவிட்டால், அவனைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போகலாம். ஒரு முறை போனதோடு விட்டுவிடாமல்.