தோத்தாலும் திட்டினாலும், ராத்திரி ஆனா 'ஒரு மேட்ச் போடலாமா?' ஏன்?

"டேய், இனிமே இந்த கேமைத் தொடவே மாட்டேன்!"

ஸ்போர்ட்ஸ் வீடியோ கேம் ஆடுபவர் என்றால், நீங்களும் இதை ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள். 89-வது நிமிடத்தில் கோல் வாங்கியிருப்பீர்கள். இல்லையென்றால், கடைசி ஓவரில் லட்டு மாதிரி வந்த ஃபுல்டாஸ் நேராக ஃபீல்டர் கைக்குப் போயிருக்கும். ஆனால், மறுநாள் இரவு நண்பர் 'வர்றியா?' என்று மெசேஜ் போட்டதும், 'ரெண்டு நிமிஷம்' என்று பதில் போகும். இவ்வளவு கடுப்பிலும் ஏன் விட முடியவில்லை?

கோபம் நியாயம்தான்!

ஆன்லைனில் ஆடும்போது நீங்கள் அழுத்தும் பட்டன், நெட் வழியாகத்தான் ஆட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் மதுரையில், நண்பர் துபாயில் என்றால் தாமதம் கூடும். நெட் கொஞ்சம் திணறினாலும் பாஸ் லேட்டாகும், பந்து பறிபோகும்.

இதில் காசு வேறு. இ.ஏ. ஸ்போர்ட்ஸின் ஃபுட்பால் கேமில் உள்ள 'அல்டிமேட் டீம்' பகுதியில், பல பேக்குகளை வாங்கிப் பிரித்தால்தான் எந்த வீரர் கிடைத்தார் என்று தெரியும். இப்படிப்பட்ட விற்பனை சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018-ல் பெல்ஜியம் அறிவித்தது. 2019-ல் அந்த நிறுவனம், பேக் வாங்கப் பயன்படும் பாயின்ட் விற்பனையை அங்கே நிறுத்திக்கொண்டது.

தோல்வி ஏன் துரத்துது?

பரிசு எப்போது வரும் என்று தெரியாவிட்டால், ஒரு பழக்கத்தை விடுவது கஷ்டம். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் பரிசோதனைகளில் காட்டிய விஷயம் இது. நாலு மேட்ச் தோற்று, ஐந்தாவதில் தூரத்திலிருந்து ஒரு கோல் போட்டால் போதும், முந்தைய நாலும் மறந்துபோகும்.

கூடவே, ஜெயித்தால் 'என் திறமை', தோற்றால் 'கேம் சரியில்லை' என்று சொல்லும் மனசு நமக்கு. பழியை கேம் ஏற்றுக்கொள்வதால், 'அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்' என்ற நம்பிக்கை அப்படியே இருக்கும்.

நண்பன் இருக்கானே!

தனியாகத் தோற்றால் வெறும் எரிச்சல். நண்பருடன் தோற்றால் ஒரு வாரத்துக்குக் கலாய்க்க கன்டென்ட்! காலேஜ் முடிந்து ஆளுக்கொரு ஊரில் வேலை. 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று போன் போடக் கூச்சப்படும் பலருக்கு, 'ஒரு மேட்ச்?' என்பது நல்ல சாக்கு. ஆட்டத்துக்கு நடுவில்தான், "அப்பாவுக்கு இப்ப எப்படிடா இருக்கு?" என்ற கேள்வியும் வரும்.

2006-ல் வெளியான 'கிரிக்கெட் 07' கேமுக்கு ரசிகர்களே புதிய அணிகளையும் ஜெர்சிகளையும் சேர்த்து, பல வருடங்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். கிராஃபிக்ஸ் மட்டும்தான் முக்கியம் என்றால், அதை என்றைக்கோ மூட்டை கட்டியிருப்பார்கள்.

கடுப்பைக் குறைக்க...

* ஆரம்பிக்கும்போதே 'இன்னிக்கு மூணு மேட்ச்தான்' என்று பேசிக்கொள்ளுங்கள். தோற்றவர் கெஞ்சினாலும் நாலாவது கிடையாது.

* காசு செலவழிக்கத் தேவையில்லாத சாதாரண மேட்ச்சைத் தேர்ந்தெடுங்கள்.

* தினமும் சண்டை வருகிறதா? இருவரும் ஒரே அணியில் சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுங்கள்.

* தூக்கமும் மறுநாள் வேலையும் தொடர்ந்து கெட்டால், சில நாள்கள் லீவு விடுங்கள்.

முக்கியமான ஒன்று. வழக்கமாக வரும் நண்பர் ஒரு வாரமாக ஆன்லைன் பக்கமே காணோமா? இன்னொரு இன்வைட் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். போன் போட்டு, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள்.