விரலில் மை படாத அக்கா

2022-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தது. நாலு நாள் கழித்து, ரவிக்கைகளை வாங்கிவர திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைத் தையல்கடைக்குப் போனேன். ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்த அக்கா என் விரலையே பார்த்தார்.

"என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க?"

"மை இன்னும் அழியேல்ல தங்கச்சி. எனக்கு நாற்பத்தெட்டு வயசாகுது. ஒருக்காக்கூட என்ர விரல்ல இந்த மை பட்டதில்ல."

அக்கா மன்னார்க்காரர். 1990-இல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது, பதினாறு வயதில் படகேறி வந்தவர். முதலில் மண்டபம் முகாம், பிறகு கும்மிடிப்பூண்டி முகாம். அங்கிருந்து மின்சார ரயிலில் வேலைக்கு வருகிறார். அங்கே ஓட்டுப் போடும் வயசு வருவதற்குள் ஊரை விட்டாச்சு. இங்கே ஓட்டு கிடையாது. எத்தனை வருஷப் பழக்கம்! ஒரு நாளாவது இது என் புத்தியில் உறைத்ததா?

"ஓட்டு என்னக்கா பெரிய விஷயம்? ஜெயிச்சவங்க நம்மைத் திரும்பியா பார்க்கிறாங்க?" என்று சமாதானமாகச் சொன்னேன்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "பெரிய விஷயம் இல்லையெண்டா, அதுக்காக ஏன் ஆக்களைச் சுட்டவங்கள்?"

அவர் சொன்னது சரோஜினி யோகேஸ்வரனைப் பற்றி. கணவரை 1989-இல் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர் இந்த அம்மாள். 1998 ஜனவரியில் நடந்த தேர்தலுக்குப் பின் யாழ்ப்பாணத்தின் மேயரானார். தேர்தல் முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை; மே 17-ந் தேதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

2009-இல் சண்டை முடிந்தது. ஆண்கள் செத்தும் காணாமலும் போன வீடுகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். 2017-இல் முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில், பெண்கள் கைக்குழந்தைகளோடு விமானப்படை முகாம் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்து, ஒரே மாதத்தில் பிலக்குடியிருப்பு நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். தெருவில் உட்காரப் பெண் வேண்டும்; சபையில் உட்கார மட்டும் வேண்டாமா? இலங்கை உள்ளூராட்சி சபைகளில் அதுவரை நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இல்லை. 2016-இல் 25 சதவீத இடத்துக்குச் சட்டம் செய்து, 2018 தேர்தலில்தான் அது நடப்புக்கு வந்தது.

நமக்கோ தமிழ்நாட்டில் 2016-லேயே உள்ளாட்சியில் பாதி இடத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. 2022 மார்ச்சில் வடசென்னைப் பெண் ஆர். பிரியா 28 வயதில் மேயரானார்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது மறு வருஷம்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய மீனவப் பெண்கள், விடிந்ததும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் அவர்களைத் தேடி வந்தார்கள். ஏன்? அவர்கள் கையில் ஓட்டு இருந்தது! முகாமில் தண்ணீர் வராவிட்டால் அக்கா எந்தக் கவுன்சிலரைக் கேட்பார்?

அக்காவின் மகள் 1996-இல் முகாமிலேயே பிறந்தவள். பி.காம். படித்தவள். அவளுக்கும் ஓட்டில்லை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்கிறது சட்டம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், கோர்ட்டுக்குப் போய் அதை நிலைநாட்டி, 2024 ஏப்ரல் 19-ந் தேதி திருச்சியில் ஓட்டுப் போட்டார். அந்தச் செய்தியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "என்ர பிள்ளை பத்து வருஷம் பிந்திப் பிறந்திட்டாள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சின்னப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6-ஐ நிரப்பச் சொன்னால், "அப்புறம் பார்க்கலாம்மா" என்று தட்டிக் கழித்தாள். ஒரு நாள் தையல்கடைக்கு அழைத்துப் போனேன். அக்கா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்காகவும் ஒருக்காப் போட்டிட்டு வா பிள்ளை" என்றார். அன்று ராத்திரியே நிரப்பிவிட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது? இன்றைக்கே பாருங்கள்.