இயற்கை எரிவாயுவின் கூறுகளைப் பகுப்பாய்வு செய்தல்

இயற்கை எரிவாயுப் பகுப்பாய்வு என்பது எரிவாயு மாதிரி ஒன்றில் எந்தெந்த வாயுக்கள் எந்த அளவில் கலந்துள்ளன என்பதை ஆய்வகத்தில் கண்டறியும் முறையாகும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெத்தேன் ஆகும். அதனுடன் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் ஆகியவையும் நைட்ரசன், கார்பன் டை ஆக்சைடு, ஐதரசன் சல்பைடு போன்றவையும் வெவ்வேறு அளவுகளில் காணப்படும்.

தேவை

குழாயில் செல்லும் எரிவாயுவின் கன அளவை அளவி காட்டும். அதில் எவ்வளவு வெப்பம் உள்ளது என்பதைக் காட்டாது. ஒரு மோல் மெத்தேன் எரியும்போது சுமார் 891 கிலோசூல் வெப்பமும், ஒரு மோல் ஈத்தேன் எரியும்போது சுமார் 1561 கிலோசூல் வெப்பமும் வெளிப்படும். நைட்ரசன் எரிவதில்லை. எனவே 90% மெத்தேனும் 10% ஈத்தேனும் கொண்ட வாயு மோலுக்கு 958 கிலோசூல் தரும். ஈத்தேனுக்குப் பதிலாக நைட்ரசன் இருந்தால் 802 கிலோசூல் மட்டுமே கிடைக்கும். இந்தியா உட்பட பல நாடுகளில் எரிவாயுவின் விலை வெப்ப அளவின்படி கணக்கிடப்படுவதால், பகுப்பாய்வில் நேரும் பிழை நேரடியாகப் பண இழப்பாகும்.

பாதுகாப்புக்கும் இது தேவைப்படுகிறது. நெதர்லாந்தில் 1959இல் கண்டறியப்பட்ட குரோனிங்கன் வயலின் வாயுவில் சுமார் 14% நைட்ரசன் உள்ளது. அதற்கேற்ப அமைக்கப்பட்ட அடுப்புகளில் வெப்பம் மிகுந்த வேறு வாயுவை அப்படியே எரித்தால், எரிதல் முழுமையடையாமல் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். ஆகவே அங்கு அத்தகைய வாயுவுடன் நைட்ரசனைக் கலந்து வழங்குகின்றனர்.

மாதிரி எடுத்தல்

பிழைகள் பெரும்பாலும் கருவியில் அல்ல, மாதிரி எடுப்பதிலேயே தொடங்குகின்றன. மாதிரி உருளை குளிர்ந்தால் பென்டேன், எக்சேன் போன்ற கனமான கூறுகள் திரவமாகி அதன் சுவரில் படியும். அந்நிலையில் ஆய்வு செய்தால் வெப்ப மதிப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதனால் ஆய்வுக்கு முன் உருளை சூடாக்கப்படுகிறது. கருவிக்குச் செல்லும் குழாய்களும் சூடாகவே வைக்கப்படுகின்றன. ஐதரசன் சல்பைடு சாதாரண எஃகுச் சுவருடன் வினைபுரிந்து குறைந்துவிடும். எனவே உட்பூச்சுள்ள உருளைகள் பயன்படுத்தப்படுகின்றன, அல்லது நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களின் உதவியால் அதே இடத்தில் அளக்கப்படுகிறது.

வாயு வண்ணப்பிரிகை

கேஸ் குரோமட்டோகிராபி எனப்படும் வாயு வண்ணப்பிரிகையே இதற்கான முதன்மை முறையாகும். சிறிதளவு மாதிரி, ஈலியம் போன்ற கடத்தி வாயுவுடன் நீண்ட மெல்லிய குழாய்க்குள் செலுத்தப்படுகிறது. குழாயினுள் உள்ள பொருளுடன் ஒவ்வொரு கூறும் வெவ்வேறு அளவில் ஒட்டுவதால் அவை வெவ்வேறு நேரங்களில் வெளிவருகின்றன. ஒரே குழாய் எல்லாவற்றையும் பிரிக்காது. மூலக்கூற்றுச் சல்லடைக் குழாய் ஆக்சிசன், நைட்ரசன், மெத்தேன் ஆகியவற்றைப் பிரிக்கும். கார்பன் டை ஆக்சைடை அது பிடித்து வைத்துக்கொள்வதால் அதற்கு வேறு குழாய் தேவை.

வெப்பக் கடத்துதிறன் உணரி எல்லாக் கூறுகளையும் உணரும். சுடர் அயனியாக்க உணரி ஐதரோகார்பன்களை மிக நுண்ணிய அளவிலும் காட்டும். ஆனால் நைட்ரசனையும் கார்பன் டை ஆக்சைடையும் காட்டாது. மாதிரியிலுள்ள ஈலியத்தை அளக்க வேண்டுமெனில் ஆர்கான் போன்ற வேறு கடத்தி வாயு பயன்படுத்தப்படும்.

சரிபார்த்தல்

கூறுகளின் அளவு துல்லியமாகத் தெரிந்த திட்ட வாயுவைக் கொண்டு கருவி அளவுதிருத்தம் செய்யப்படுகிறது. ஏஎஸ்டிஎம் டி1945 தரநிலையின்படி, கூறுகளின் கூட்டுத்தொகை 100 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. அதன் பின்னரே 100க்குச் சரிசெய்யப்படும். ஆக்சிசனும் அதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நைட்ரசனும் தென்பட்டால், மாதிரியில் காற்று கலந்திருக்கலாம். அத்தகைய மாதிரியை மீண்டும் எடுப்பதே முறையாகும்.

முடிவுகளின் பயன்

கிடைத்த விழுக்காடுகளிலிருந்து ஐஎஸ்ஓ 6976 தரநிலைப்படி வெப்ப மதிப்பும் ஒப்படர்த்தியும் கணக்கிடப்படுகின்றன. வெப்ப மதிப்பை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வோபி எண் கிடைக்கும். இந்த எண் நெருக்கமாக உள்ள இரு வாயுக்கள் ஒரே அடுப்பில் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத் தரும்.